ஈயமணலும் ஒரு சிட்டிகை மாசும்

ஈப்போவிலிருந்து பத்து காஜா வழியாகத் தஞ்சோங் துவாலாங் நோக்கிச் செல்வோர் சாலையின் இருமருங்கிலும் நீர் நிறைந்த குட்டைகளைக் காண்பர். அவை இயற்கை அமைத்த ஏரிகள் அல்ல. ஈய லம்பங்கள் விட்டுச்சென்ற பள்ளங்கள். 1938ஆம் ஆண்டு கட்டப்பட்டு 1982 வரையில் இப்பகுதியின் மண்ணை வாரி வாரி அலசிய ஐந்தாம் எண் மண்வாரிக் கப்பல், அதே தஞ்சோங் துவாலாங் சாலையருகில் காட்சிப்பொருளாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. 1985ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றத்தின் பணப்பெட்டி வறண்டது. இலண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்தியது. அதன் பின்னர் கிந்தாப் பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அக்கப்பல் வாரியதும், பெண்கள் ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று துலாங் தட்டிலே சுழற்றிச் சுழற்றிப் பிரித்தெடுத்ததும் உலோகம் அன்று என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது ஒரு கரிய மணல். வெள்ளீய அணு ஒன்றும் பிராணவாயு அணுக்கள் இரண்டும் கூடிய கூட்டுப்பொருள். வெள்ளீய ஆக்ஸைடு என்பது அதன் இரசாயனப் பெயர், காசிட்டரைட்டு என்பது கனிமப் பெயர். பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் இருந்த உருக்காலைகள் அம்மணலைக் கரியோடு சேர்த்து எரித்துப் பிராணவாயுவை நீக்கி உலோகக் கட்டிகளாக வார்த்தன. (இந்நாட்டுத் தமிழர் ஈயம் என்றால் வெள்ளீயத்தையே கருதுவர். காரீயம் வேறு.)

மண்ணிலிருந்து எடுத்ததை உருக்கிப் பிராணவாயுவைப் பிரித்து, உலோகமாக்கி, கப்பலேற்றி அனுப்பினோம். அந்த உலோகத்தில் ஒரு பகுதியை மேனாட்டார் மீண்டும் பிராணவாயுவோடு சேர்த்து, பழைய ஆக்ஸைடாகவே மாற்றி, கண்ணாடியின்மேல் மிக மெல்லிய படலமாகப் பூசினர். அப்படிப் பூசும்போது வேறொரு பொருளை ஒரு சிட்டிகை கலந்தனர். அச்சிட்டிகையினால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தும் பொருளாயிற்று. கண்ணாடியாகவே இருந்துகொண்டு, ஒளியை முன்போலவே விட்டுக்கொண்டு, மின்சாரத்தையும் கடத்தியது என்பதே இதிலுள்ள வியப்பு. ஒளி புகும் பொருள்கள் பெரும்பாலும் மின்சாரம் கடத்தா. மின்சாரம் கடத்தும் செம்பும் அலுமினியமும் ஒளியை விடா. இரண்டு குணமும் ஓரிடத்தில் கூடியது எங்ஙனம்?

அதற்கு முன், நம் மணலையே சற்று நோக்குதல் நலம். தூய வெள்ளீய ஆக்ஸைடுப் படிகம் நிறமற்றது, பளிங்குபோல் தெளிவானது. கிந்தா மணல் கறுத்தும் பழுத்தும் இருப்பதற்குக் காரணம் அதிலே இரும்பும், தாண்டலமும், நையோபியமும் இடம்பிடித்து அமர்ந்திருப்பதே. ஆய்வுக்கூடத்தில் மனிதன் செய்வதைப் பாறையின் வெப்பத்தில் இயற்கை முன்னரே செய்துவிட்டது. ஈயத்தை உருக்கியபின் எஞ்சிய கசடு ஒரு காலத்தில் தாண்டல உலோகத்திற்காகவே விலைபோயிற்று என்பதை எண்ணினால், இம்மாசுகள் அற்பமானவை அல்ல என்பது புலப்படும்.

இன்னொரு சான்றும் பேராக்கிலேயே உண்டு. ஈயமணலைப் பிரித்தபின் மிஞ்சும் கனமான மணலை ‘ஆமாங்’ என்பர். அதில் இல்மனைட்டு, சிர்க்கான், மோனசைட்டு, செனோடைம் முதலிய கனிமங்களும் தப்பிப்போன ஈயமணலும் கலந்து கிடக்கும். ஆமாங் ஆலைகளில் இவற்றைப் பிரிக்க ஓர் உருளை சுழல்கிறது. உருளை மண்ணோடு மின்தொடர்பு கொண்டது. அதன்மேல் விழும் மணலுக்கு உயர் மின்னழுத்தக் கம்பியொன்று மின்னூட்டம் அளிக்கிறது. மின்சாரம் கடத்தும் மணி தன் மின்னூட்டத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டு எகிறி வெளியே விழும். கடத்தாத மணி உருளையை ஒட்டிக்கொண்டு சுற்றிவந்து, பின்புறம் தூரிகையினால் துடைக்கப்பட்டு வேறு தொட்டியில் விழும். எகிறி விழுபவை இல்மனைட்டும் ஈயமணலும். ஒட்டிக்கொள்பவை சிர்க்கானும் மோனசைட்டும். (மோனசைட்டில் தோரியம் உண்டு. அதனால் விளைந்த வழக்குகள் வேறு கதை.) ஆக, வெள்ளீய ஆக்ஸைடுக்கு மின்சாரம் கடத்தும் குணம் சிறிது உண்டு என்பதை ஆமாங் ஆலைத் தொழிலாளி, புத்தகம் படிக்காமலே, நாள்தோறும் கண்ணாரக் கண்டுவந்தார்.

இனிக் காரணத்துக்கு வருவோம். தூய வெள்ளீய ஆக்ஸைடில் ஒவ்வொரு வெள்ளீய அணுவும் தன் புறக்கூட்டிலுள்ள நான்கு எலெக்ட்ரான்களையும் கொடுத்துவிடுகிறது. இரண்டு பிராணவாயு அணுக்கள் ஆளுக்கு இரண்டாகப் பெற்றுக்கொள்கின்றன. கணக்கு நேர். தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஒவ்வொரு பால்வெட்டுக்காரருக்கும் ஒரு நிரை ஒதுக்கியாயிற்று என்றால், எவரும் தம் நிரையை விட்டு நகர முடியாதல்லவா? அதுபோல எல்லா எலெக்ட்ரான்களும் தத்தம் இடத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. அவை ஓட வேண்டுமானால் மேலே ஒரு பரண்மீது ஏற வேண்டும். அப்பரணின் உயரம் 3.6 எலெக்ட்ரான் வோல்ட்டு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் துகள்களுக்கு உள்ள வலிமையோ ஏறத்தாழ 1.7 முதல் 3.1 எலெக்ட்ரான் வோல்ட்டு வரைதான். சிவப்பொளி முதல் ஊதா வரை எதனாலும் ஓர் எலெக்ட்ரானைப் பரணுக்குத் தூக்கிவிட முடியவில்லை; ஆகவே எந்த நிறமும் உறிஞ்சப்படாமல் ஊடுருவிச் செல்கிறது. படிகம் தெளிவாக இருப்பதும் இதனாலேயே, மின்சாரம் கடத்தாமல் இருப்பதும் இதனாலேயே.

இப்போது ஆண்டிமணி அணு ஒன்றை வெள்ளீய அணுவின் இடத்தில் வைத்துப் பார்ப்போம். ஆண்டிமணி புதுப்பொருள் அன்று. கண்ணுக்கு எழுதிய அஞ்சனக்கல் அதன் தாதுவே. அதன் புறக்கூட்டில் ஐந்து எலெக்ட்ரான்கள். நான்கு, வழக்கமான பிணைப்புக்குச் செலவாகின்றன. ஐந்தாவது எலெக்ட்ரானுக்கு நிரை இல்லை. அது பரணுக்கு மிக அருகிலேயே தங்குகிறது. அறையின் சாதாரண வெப்பமே அதை ஏற்றிவிடப் போதும். பரண்மீது ஏறிய எலெக்ட்ரான் படிகம் முழுவதும் உலவும். மற்றொரு வழியும் உண்டு. வெள்ளீயத்தைத் தொடாமல், பிராணவாயு இருந்த இடத்தில் ஃபுளோரினை வைப்பது. பிராணவாயுவுக்கு இரண்டு எலெக்ட்ரான் வேண்டும். ஃபுளோரினுக்கு ஒன்றே போதும். மிஞ்சிய ஒன்று ஓடத் தொடங்குகிறது. ஃபுளோரின் அயனியும் பிராணவாயு அயனியும் பருமனில் ஏறத்தாழ ஒத்தவை என்பதால் படிகக் கட்டமைப்பு அதிகம் குலைவதில்லை. கண்ணாடித் தொழிலில் ஃபுளோரின் வழியே மேலோங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடநூல்கள் இச்செயலுக்கு ‘மாசூட்டல்’ என்று பெயரிட்டுள்ளன. பெயர் அவ்வளவு பொருத்தமன்று. ஆற்றை நாசமாக்கும் கழிவும் மாசு, அளந்து வைத்த அணுவும் மாசு என்றால் மாணவன் மயங்காமல் என்ன செய்வான்? சிலர் இதனைப் பாலுக்கு உறைமோர் ஊற்றுவதற்கும், ரப்பர்ப் பாலுக்கு ஃபார்மிக் அமிலம் விடுவதற்கும் ஒப்பிடுவர். சிறிதளவு பெரியதை மாற்றுகிறது என்ற மட்டில் ஒப்புமை சரி. ஆனால் உறைமோர் தான் தொடங்கிவைத்ததைப் பால் முழுவதும் பரப்பிவிடும். இங்கே அப்படியில்லை. ஓர் ஆண்டிமணிக்கு ஓர் எலெக்ட்ரான். ஒரு ஃபுளோரினுக்கு ஓர் எலெக்ட்ரான். இது உறைமோர்க் கணக்கு அன்று, தலைக்கணக்கு.

மாசு எதுவும் கலக்காத படலமும் சிறிது மின்சாரம் கடத்துவது உண்மை. படிகத்தில் அங்கங்கே பிராணவாயு அணு விடுபட்டுப் போவதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தனர். ஓசையின்றி உட்புகும் ஹைட்ரஜனும் காரணமாகலாம் என்று பிற்காலக் கணக்கீடுகள் கூறின. அறிஞர்களிடையே அவ்விவாதம் நடந்ததே தவிர, தொழிலுக்கு அதனால் தடை ஏற்படவில்லை.

தொழில் முந்திக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 1907ஆம் ஆண்டில் ஜெர்மானியரான பேடெக்கர் காட்மியம் ஆக்ஸைடுப் படலம் ஒளியையும் விட்டு மின்சாரத்தையும் கடத்துவதைக் கண்டார். இரண்டாம் உலகப்போரின்போது, உயரப் பறக்கும் விமானங்களின் முன்கண்ணாடியில் பனி உறைவதைத் தடுக்க வெள்ளீய ஆக்ஸைடுப் பூச்சு உதவிற்று. படலத்தின் வழியே மின்சாரம் செலுத்தினால் கண்ணாடி சூடேறும், பனி உருகும், விமானிக்குப் பார்வை மறையாது. 1951ஆம் ஆண்டில் ஆண்டிமணி கலந்த படலத்துக்கும் ஃபுளோரின் கலந்த படலத்துக்கும் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. கிந்தாவின் லம்பங்கள் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருந்த காலம் அது.

படலம் பூசும் முறை கேட்பதற்கு எளிது. வெள்ளீயக் குளோரைடைச் சாராயத்திலோ நீரிலோ கரைத்து, அம்மோனியம் ஃபுளோரைடைச் சிறிது சேர்த்து, 400 முதல் 500 பாகை சென்டிகிரேடு வரை சூடாக்கிய கண்ணாடியின்மேல் பனித்துளிபோல் தெளிப்பது. தோட்டத்தில் களைமருந்து தெளிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளலாம். துளி மட்டும் அதைவிடப் பன்மடங்கு நுண்ணியது. துளி சூட்டில் பட்டதும் சிதைந்து, குளோரின் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆவியாய்ப் போக, ஆக்ஸைடு கண்ணாடியில் படிகிறது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வாளர்கள் இம்முறையிலேயே ஆண்டிமணி கலந்த படலங்களையும் ஃபுளோரின் கலந்த படலங்களையும் ஆக்கி, 2005ஆம் ஆண்டில் அனைத்துலக இதழ்களில் வெளியிட்டனர். அவர்கள் விலை கூடிய நான்கு குளோரின் உப்புக்குப் பதிலாக மலிவான இரண்டு குளோரின் உப்பையே எடுத்துக்கொண்டனர். மலிவான சரக்கில் நல்ல படலம் வருமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. வரும் என்பது விடை.

படலத்தின் பருமன் எவ்வளவு? சூரிய ஒளித் தகடுகளுக்கான கண்ணாடியில் ஏறத்தாழ 400 நானோமீட்டர் எனக் கொள்ளலாம். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமயிரின் பருமன் அவ்வளவில் எழுபதினாயிரம், எண்பதினாயிரம் ஆகும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு 400 நானோமீட்டர் படலம் பூச 2.8 கிராம் ஆக்ஸைடு வேண்டும்; அதில் வெள்ளீயம் 2.2 கிராம். நம் நாட்டில் ஈயத்தை நிறுத்த பழைய அளவை பிக்குல், அதாவது 60.48 கிலோகிராம். சிந்தாமல் சிதறாமல் பூச முடிந்தால் ஒரு பிக்குல் ஈயம் 27,000 சதுர மீட்டருக்கு மேல் வரும். தோட்டக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர் கண்ணாடி. அதில் ஃபுளோரினோ, நல்ல படலமொன்றில், சுமார் 140 பிராணவாயு அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் வேலை செய்கிறது. அவ்வளவிலேயே ஒரு கன சென்டிமீட்டரில் 4க்குப் பின் இருபது சுழி இட்ட எண்ணிக்கையில் எலெக்ட்ரான்கள் விடுதலை பெறுகின்றன. செம்பில் இதைப்போல் இருநூறு மடங்கு எலெக்ட்ரான்கள் உண்டு. செம்பு சுமார் முந்நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். ஆயினும் செம்பின் வழியே எவரும் வெளியே பார்க்க முடியாதே!

அப்படியானால் இன்னும் அள்ளிப் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். இவ்விடத்தில்தான் புதியவர் பலர் இடறுகின்றனர். ஒரு விகிதம் வரை மாசு ஏற ஏறத் தடை குறையும். அதன்பின் தடை மீண்டும் உயரும். எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்ட அணு மின்னூட்டத்தோடு நிற்கிறது. அத்தகைய அணுக்கள் நெருங்கிவிட்டால் ஓடும் எலெக்ட்ரான்கள் அவற்றால் திசை திரும்பித் திரும்பித் தடுமாறும். ஆண்டிமணியில் வேறொரு தொல்லையும் உண்டு: மிகுதியானால் அதில் ஒரு பகுதி ஐந்து எலெக்ட்ரானுக்குப் பதில் மூன்றை மட்டும் கொடுக்கும் நிலைக்கு மாறி, முன்பு கொடுத்ததைத் திரும்ப வாங்கத் தொடங்கிவிடும். படலமும் நீலம் பாய்ந்து மங்கும். ஃபுளோரின் அளவு மிஞ்சினால் தனக்குரிய இடத்தில் அமர முடியாமல் படிகமணிகளின் இடுக்குகளில் ஒதுங்கும். உச்சநிலை எந்த விகிதத்தில் வரும் என்பது கண்ணாடியின் சூடு, தெளிக்கும் வேகம், கரைசலின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. ஓர் ஆய்வுக்கூடத்தின் விகிதத்தை மற்றோர் ஆய்வுக்கூடம் அப்படியே எடுத்தாள இயலாது.

மாசூட்டலால் ஒளிக்குணமும் மாறுகிறது. பரணின் அடித்தட்டில் எலெக்ட்ரான்கள் நிறைந்துவிட்டால், கீழிருந்து புதிதாக ஏறுவோர் இன்னும் மேலே ஏறித்தான் இடம் பிடிக்க வேண்டும். ஆதலால் படலம் முன்னைவிடச் சிறிது புறஊதா ஒளியையும் விடுகிறது. 1954இல் அமெரிக்காவில் பர்ஸ்டைனும் இங்கிலாந்தில் மாஸும் வேறொரு பொருளில் தனித்தனியே கண்டுணர்ந்த விளைவு இது. மறுபுறத்தில், விடுதலை பெற்ற எலெக்ட்ரான் கூட்டம் நீண்ட அலைநீளமுள்ள வெப்பக்கதிரை உலோகம்போல் திருப்பி அனுப்புகிறது. குளிர்நாடுகளில் வீட்டின் கணப்பு வெளியே போகாமல் காக்கச் சன்னல் கண்ணாடிக்கு ஃபுளோரின் கலந்த வெள்ளீய ஆக்ஸைடு பூசுவது இதற்காகவே.

சூரிய ஒளித் தகட்டிலோ இதே படலம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் அமர்ந்து, வெயிலை உள்ளே விட்டு, உண்டான மின்சாரத்தைப் பக்கவாட்டில் சேகரித்துத் தருகிறது. பேராக்கின் அண்டை மாநிலமான கெடாவில், கூலிமில், ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் காட்மியம் டெல்லுரைடுத் தகடுகளை ஆக்கத் தொடங்கியபின், தோட்டங்கள் கைமாறிப் பட்டணம் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய கண்ணாடி எட்டாத விந்தையாக இல்லை. தகட்டைச் சாய்த்துப் பிடித்தால், மழைநீரில் எண்ணெய் மிதப்பதுபோல் மெல்லிய நிறங்கள் தெரியும். அது அழுக்கு அன்று. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் காட்டும் நிறம். பருமன் எங்கே மாறுகிறதோ அங்கே நிறமும் மாறும்.

கைத்தொலைபேசித் திரையில் நிலைமை தலைகீழ். அங்கே வீடு இண்டியம் ஆக்ஸைடினுடையது, வெள்ளீயம் விருந்தாளி. மூன்று எலெக்ட்ரான் கொடுக்கும் இண்டியத்தின் இடத்தில் நான்கு கொடுக்கும் வெள்ளீயம் அமர்ந்து, மிஞ்சிய ஒன்றை ஓடவிடுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு வெள்ளீய ஆக்ஸைடு சேர்ப்பது வழக்கம். இதன் கடத்துதிறன் மேலானது. ஆனால் இண்டியம் துத்தநாகச் சுரங்கங்களின் உபபொருளாகவே கிடைப்பதால் விலை ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும்.

இதுவரை மாசு மின்கடத்தலைப் பெருக்கிய கதையே சொல்லப்பட்டது. அதே மாசு கெடுதலாக முடியும் இடமும் உண்டு. 1962இல் ஜப்பானியரான தாகுச்சி வெள்ளீய ஆக்ஸைடைக்கொண்டு எரிவாயுக் கசிவை அறியும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1969இல் அதனை ஆக்க ஃபிகாரோ என்ற நிறுவனம் எழுந்தது. சூடாக்கப்பட்ட ஆக்ஸைடு மணிகளின்மீது காற்றிலுள்ள பிராணவாயு வந்து ஒட்டிக்கொண்டு, மணியின் மேற்றோலிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து வைத்துக்கொள்ளும், மின்தடை உயரும். எரிவாயு வந்தால் அது அப்பிராணவாயுவோடு சேர்ந்து போய்விடும், பறிக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மணிக்கே திரும்பும், தடை சட்டென்று வீழும், மணி ஒலிக்கும். பிளாட்டினமோ பல்லேடியமோ இம்மியளவு சேர்த்தால் இவ்வினை விரைவுபடும்.

பிராணவாயு பறிக்கக்கூடியது மேற்றோலில் ஏறத்தாழ 3 நானோமீட்டர் ஆழம்வரைதான். மணி பெரிதாக இருந்தால் அதன் நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகாது. மணியின் குறுக்களவே 6 நானோமீட்டருக்குக் குறைந்துவிட்டால் இருபுறத் தோலும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். மணி முழுவதும் வெறுமையாகும். உணர்திறன் பன்மடங்கு பெருகும். கியூஷூ பல்கலைக்கழகத்தில் யமசோயே குழுவினர் 1991இல் இதனைக் காட்டினர். நானோ என்ற சொல் வெறும் விளம்பரமாக இல்லாமல் பொருளோடு விளங்கும் இடங்களில் இது ஒன்று. அக்குழுவினர் ஆண்டிமணி கலந்து பார்த்தபோது எலெக்ட்ரான்கள் மிகுந்து, தோலின் ஆழம் சுருங்கி, உணர்திறன் குன்றிற்று. எலெக்ட்ரானைக் குறைக்கும் அலுமினியம் கலந்தபோது அது ஓங்கிற்று. கண்ணாடிக்கு அருமருந்தான ஆண்டிமணி கசிவறிக் கருவிக்கு ஆகாது.

அடுப்பங்கரையில் இக்கருவியைப் பொருத்துவோர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்வது நன்று. சிலிக்கோன் பசை, சிலிக்கோன் தெளிப்பு ஆகியவற்றின் ஆவி ஆக்ஸைடு மணிகளின்மேல் படிந்து அவற்றை மூடிவிடும். பின்னர் கருவி எரிவாயுவை உணராது. மேலும், நம் வீட்டு உருளைகளில் வரும் புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு படரும். பலர் புகையறியும் கருவியோடு சேர்த்து இதனையும் கூரையருகே மாட்டிவிடுகின்றனர். தரையிலிருந்து ஓர் அடி உயரமே இதற்குரிய இடம்.